கறிவேப்பிலைக்குத் தடை, டுரியானுக்கு அனுமதி!

வேலை நிமித்தமாக ஈப்போவிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு நாங்கள் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. குளிருக்கும் மொழிக்கும் தயாராகத்தான் வந்தோம். காய்கறி வாங்கவும் புதிதாகப் பழக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நம் ஊரில் ஞாயிறு காலை சந்தை களைகட்டும். இங்கே ரயில் நிலையக் கடைகள் போன்ற சில தவிர, மற்றவை ஞாயிற்றுக்கிழமை சட்டப்படி மூடியிருக்கும். சனிக்கிழமையே வெங்காயம் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பல பேரங்காடிகளில் காய்களை நாமே தராசில் வைத்து, அதற்குரிய எண்ணை அழுத்தி, விலைச்சீட்டை ஒட்ட வேண்டும். வாரச்சந்தையில் நேர்மாறு. தக்காளியை அழுத்திப் பார்க்கும் பழக்கம் அங்கே செல்லாது. கேட்டால் கடைக்காரரே பொறுக்கித் தருவார். பேரமும் கிடையாது.

மலேசியாவில் பழங்களுக்குத்தான் பருவம். இங்கே காய்களுக்கும் உண்டு. ஏப்ரலில் வெள்ளை அஸ்பாரகஸ் வந்தால் ஊரே கொண்டாடும். மண்ணை மேடாக அணைத்து வெயில் படாமல் வளர்ப்பதால் அந்த வெண்மை. ஜூன் 24-உடன் அறுவடையை நிறுத்துவது மரபு. அடுத்த ஆண்டுக்குச் செடி தேற வேண்டுமே!

ஊரிலிருந்து வருபவர்களிடம் கறிவேப்பிலை கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 2019 டிசம்பர் முதல், ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து பயணிகள் கொண்டுவரும் காய், கனி, இலை எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் தேவை. விலக்கு ஐந்துக்கு மட்டுமே: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியான்! அதை விமானத்தில் யார் ஏற்றுவார்கள் என்பது வேறு கதை.

எனக்கு இருந்த கவலை மகளைப் பற்றியது. இங்கே வந்தபோது அவளுக்கு ஒரு வயது. நம் சாப்பாடு தெரியாமலே வளர்ந்துவிடுவாளோ என்று, ஆசியக் கடையில் கிடைக்கும் வாடிய வெண்டைக்காயையும் முருங்கைக்காயையும் என்ன விலையானாலும் வாங்கினோம். மாதக் கடைசியில் கை கடித்தது.

அப்போதுதான் சந்தையில் இலையோடு குவிந்து கிடந்த நூல்கோல் கண்ணில் பட்டது. பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைத்தேன். அதன் இளம் இலைகளைத் தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டினேன். மகள் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால் அடுப்படிக்கு ஓடி வருகிறாள். பாட்டியிடம் தொலைபேசியில், "இன்னிக்கு எங்க வீட்டுல நூல்கோல் கூட்டு" என்று தமிழில் சொல்கிறாள். வெளிநாடு புறப்படும் இளையர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காயை அங்கே வாங்குங்கள், தாளிப்பை வீட்டிலிருந்து கற்றுக்கொண்டு போங்கள்.