அப்பத்தாவுக்கு வெந்நீர்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்.கே.ஜி-யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ப்ளஸ் டூ தமிழ் பரீட்சைக்கு அப்புறம் இவ்வளவு நீளமா தமிழ்ல எழுதுறது இதுதான். ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர் குழுவைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டை காசு குடுத்து, ரிப்போர்ட்டோட சேர்த்து வாங்கலாம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்க டீம் நாலு பேரும் வாங்கல. நாங்களே செஞ்சோம். செஞ்சது சரியா வரல. ஏன் வரலைன்னு யோசிச்சப்போ நாலு வருஷத்துல புரியாத ஒண்ணு புரிஞ்சது, அதை உங்ககிட்ட சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலம் பக்கத்துல ஒரு கிராமம். அப்பத்தாவுக்கு வயசு 76. மூட்டுவலி. விடியக்காலை வெந்நீர்ல குளிச்சாத்தான் அன்னைக்கு நடக்கவே முடியும். கொல்லையில மூணு கல்லு, அதுமேல ஒரு அண்டா. கீழே சீமைக்கருவை விறகு, தென்னை மட்டை, தைலமரச் சுள்ளி, எது கிடைக்குதோ அது. நாலரை மணிக்கு ஊதாங்குழலோட உட்கார்ந்தா அஞ்சரை வரைக்கும் புகைதான். அந்த இருமலைக் கேட்டுத்தான் நான் லீவுல எழுந்திருப்பேன். புகைகிட்ட போகவே கூடாதுன்னு டாக்டர் சொல்லி மூணு வருஷம் ஆச்சு.

ஹீட்டர் ராடு வாங்கிக் குடுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. வாங்கினோம். பக்கத்துத் தெருவுல யாருக்கோ ஷாக் அடிச்ச கதையைக் கேட்டுட்டு, "கரண்டையும் தண்ணியையும் ஒண்ணா வைக்கக் கூடாதுத்தா"ன்னு அதை பரண்ல போட்டுட்டாங்க. கேஸ் அடுப்புல காயவைக்கவும் மனசு வராது. சிலிண்டர் சோறு பொங்க மட்டும்தான். இதுக்கு நடுவுல கஜா வேற. 2018 நவம்பர் 16. அப்போ நான் ஒன்பதாவது. எங்க பக்கம் தென்னையும் பலாவும் வேரோட சாய்ஞ்சு கிடந்தது, வாரக்கணக்கா கரண்டு இல்ல. அந்த நாட்கள்ல அப்பத்தா அடுப்பு ஒண்ணுதான் தெருவுக்கே வெந்நீர் குடுத்துச்சு. விழுந்த பலா மரம் ரெண்டு வருஷம் எரிஞ்சது. அதுக்கப்புறம் விறகடுப்பை விடச் சொல்லி அவங்ககிட்ட யார் பேச முடியும்?

மூணாவது வருஷம் ஃபின்லாந்து பத்தி ஒரு வீடியோ பார்த்தேன். கான்கான்பாங்கிற சின்ன ஊர்ல 2022-ல ஒரு பெரிய இரும்பு உருளை வெச்சாங்க. 4 மீட்டர் அகலம், 7 மீட்டர் உயரம். உள்ளே 100 டன் மணல். காற்றாலை, சோலார் கரண்டு மிச்சமா, மலிவா இருக்கும்போது அந்த மணலை 500 டிகிரிக்கு மேல சூடாக்கிடுவாங்க. குளிர் வரும்போது அந்தச் சூட்டை எடுத்து, ஊருக்குள்ள ஓடுற வெந்நீர்க் குழாய்க்குக் குடுப்பாங்க. வீடு கதகதப்பா இருக்கவும் அதுதான், குளிக்கவும் அதுதான்.

வீடியோவைப் பார்த்ததும் எனக்கு ஆலங்குடி பக்கம் கடலை வறுக்கிற இரும்புச் சட்டிதான் ஞாபகம் வந்துச்சு. அடுப்பை அணைச்ச பிறகும் அந்த மணல் எவ்வளவு நேரம் சுடும்னு கை வெச்சவங்களுக்குத் தெரியும். நான் வெச்சிருக்கேன். பகல்ல கரண்டு குடுத்து மணலைச் சூடாக்கிடலாம், காலையில பிளக்கைப் பிடுங்கிட்டு வெந்நீர் எடுக்கலாம். தண்ணி வரும்போது கரண்டு இல்ல, புகையும் இல்ல. அப்பத்தா சொல்ற ரெண்டு ஆட்சேபணையும் காலி. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

கணக்கும் சாதகமாத்தான் இருந்துச்சு. ஒரு கிலோ மணலை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 0.8 கிலோஜூல். 100 கிலோ மணலை 30-லிருந்து 330 டிகிரிக்குக் கொண்டுபோனா 24,000 கிலோஜூல், அதாவது ஈ.பி. பாஷையில 6.7 யூனிட். அப்பத்தாவுக்கு ரெண்டு வாளி, 40 லிட்டர். அதை 28-லிருந்து 45 டிகிரிக்கு ஏத்த 0.8 யூனிட் போதும். வீட்டுல எல்லாரும் குளிச்சாலும் மிச்சம் இருக்கும்.

60 லிட்டர் இரும்பு டிரம் ஒண்ணு, அதைச் சுத்தி பழைய ஆயில் பேரல், நடுவுல கிளாஸ் வூல். உள்ளே 1 கிலோவாட் காயில், செப்புக்குழாய், நாலு தெர்மோகப்பிள். கிளாஸ் வூல் அடைச்ச ரெண்டு நாளும் கை அரிச்சதைத் தனிக் கட்டுரையாவே எழுதலாம்.

முதல் டெஸ்ட்டுல பயந்துட்டோம். 300 டிகிரி மணலுக்குள்ள இருக்கிற குழாயில வால்வைத் திறந்து தண்ணி விட்டோம். தண்ணி அங்கே தண்ணியா இருக்குமா? ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா 1,600 லிட்டருக்கு மேல இடம் கேக்கும். படபடன்னு ஒரு சத்தம், ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளிச்சு, வாளி ஒரு பக்கம், நாங்க நாலு பேரும் ஒரு பக்கம். நல்லவேளை எதிர்ல யாரும் நிக்கல. அந்த இடத்துல அப்பத்தா நின்னிருந்தான்னு நினைச்சப்போ கை நடுங்கிச்சு. ஃபின்லாந்துக்காரங்க மணலுக்குள்ள தண்ணியை விடுறதில்ல, காத்தைத்தான் ஓட்டுறாங்க. சூடான காத்து வெளியே வந்து தண்ணியைச் சூடாக்கும். வீடியோவுலயே அதைச் சொன்னாங்க, நான்தான் கவனிக்கல. நாங்களும் ஒரு ப்ளோயர் வாங்கி மாத்தினோம்.

ரெண்டாவது டெஸ்ட். எட்டு மணி நேரம், 8 யூனிட் கரண்டு. சாயங்காலம் 6 மணிக்கு சராசரி 330 டிகிரி. மறுநாள் காலை 6 மணிக்கு ஓடிப்போய் பார்த்தேன். 184.

பாதி போயிடுச்சு. யாரும் ஒரு சொட்டு எடுக்கல, தானாவே போயிடுச்சு.

காரணம் சின்னப் பசங்களுக்கும் சொல்லலாம். ஒரு பெட்டியை எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கு பெருசாக்கினா உள்ளே பிடிக்கிற மணல் எட்டு மடங்கு ஆகும், வெளித்தோல் நாலு மடங்குதான் ஆகும். சூடு வெளியேறுறது தோல் வழியா. அதனால 100 டன்னுக்கு ஒண்ணுமே தெரியாத கசிவு, 100 கிலோவை ஒரே ராத்திரியில காலி பண்ணிடும். 2025-ல போர்னைனென்ங்கிற ஊர்ல இன்னும் பெருசா ஒண்ணு தொடங்கினாங்க, 2,000 டன். அதுல மணல் கூட இல்ல, உடைச்ச மாக்கல்லு. நம்ம கல்சட்டி செய்யிற அதே மாக்கல். இறக்கி வெச்ச பிறகும் குழம்பு கொதிச்சிட்டே இருக்குமே, அந்தக் குணம்தான்.

டீம்ல ஒருத்தன் மெதுவா சொன்னான், "184-ஐ 284-னு போட்டுடலாம், ஒரு நம்பர்தானே." பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு நாள் நானும் அதையே யோசிச்சேன். ப்ளேஸ்மென்ட், சி.ஜி.பி.ஏ. எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. அப்புறம் 184-ஏ போட்டோம். பெரிய நேர்மைன்னு நினைக்காதீங்க, வைவாவுல திருப்பி ஓட்டிக் காட்டச் சொன்னா மாட்டிப்போம்ங்கிற பயமும்தான்.

வைவாவுல எக்ஸ்டர்னல் கிராஃபைப் பார்க்கவே இல்ல. "உங்க பாட்டிக்கு எத்தனை டிகிரி வேணும்?"னு கேட்டார். 45-ன்னேன். "அப்புறம் எதுக்கும்மா 330?"

நான் முழிச்சேன். ஹாஸ்டலுக்கு வந்து பேனாவை எடுத்தேன். 150 லிட்டர் தண்ணியை வெறும் 60 டிகிரிக்குச் சூடாக்கி வெச்சாலே 5.6 யூனிட். என் 100 கிலோ மணல் 330-ல வெச்சிருந்தது 6.7. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா மணலுக்கும் வெளிக்காத்துக்கும் நடுவுல 300 டிகிரி இடைவெளி, தண்ணிக்கு 32 டிகிரிதான். இடைவெளி எவ்வளவோ கசிவும் அவ்வளவு. அதுவும் 60 டிகிரிக்கு கரண்டே வேண்டாம், மொட்டை மாடிகள்ல நாம பார்க்கிற சாதாரண சோலார் வாட்டர் ஹீட்டர் வெயில்லயே கொண்டுவந்துடும்.

இங்கிலாந்துல வீட்டுக்குள்ளயே வைக்கிற சூட்டுப்பெட்டி பல வருஷமா இருக்கு. எகானமி 7-னு ராத்திரி 7 மணி நேரம் மலிவு கரண்டு, அதுல பெட்டிக்குள்ள இருக்கிற கனமான செங்கல்லை நல்லா சூடாக்கிடுவாங்க. பகல் பூரா அது கசியும். அங்கே அந்தக் கசிவுக்காகத்தான் பெட்டியே, கசிஞ்சது அறையைக் கதகதப்பாக்கும். எங்க ஓட்டு வீட்டுக்குள்ள சித்திரை மாசத்துல அதே கசிவு வந்தா நாங்க எங்கே போய்ப் படுக்கிறது? அவங்க குளிருக்குச் செஞ்ச தீர்வை நான் வெயில் ஊருக்கு அப்படியே தூக்கிட்டு வந்திருக்கேன்.

உயர்ந்த சூடு நமக்கு வேண்டவே வேண்டாம்னு சொல்லல. ராஜஸ்தான் அபு ரோடு பக்கம் பிரம்மா குமாரிகளோட 'இந்தியா ஒன்' நிலையத்துல 770 வட்டக் கண்ணாடிகள் வெயிலைக் குவிச்சு இரும்புக் கட்டிகளைச் சூடாக்குது, சூரியன் மறைஞ்ச பிறகும் அதுலேர்ந்து நீராவி எடுத்து மின்சாரம் செய்யலாம். நம்ம பக்கம் நெல் அவிக்கிற ஆலை இருக்கு, ஆதனக்கோட்டையில முந்திரி வறுக்கிறாங்க. அங்கெல்லாம் நீராவியும் நூத்துக்கு மேல டிகிரியும் நிஜமாவே வேணும். ஜூனியர்ஸ் யாராவது எடுத்துப் பாருங்க. எங்க ரீடிங் ஷீட் முழுசும் தரேன், அந்த 184-ஓட.

டிரம்மை லேப்ல வெச்சுக்க இடம் இல்லைன்னுட்டாங்க, ஊருக்குக் கொண்டுபோயிட்டேன். அப்பத்தா மூடியைத் திறந்து மணலை ஒரு கை அள்ளிப் பார்த்தாங்க. "நல்லா சுட்ட மணலா இருக்கே"ன்னு சலிச்சு, பாதியைக் கடலை வறுக்க எடுத்து வெச்சுக்கிட்டாங்க.

சோலார் ஹீட்டருக்கு அப்பாகிட்ட பேசியாச்சு. ஓட்டுக்கூரை தாங்காது, கொல்லையில ஸ்டாண்ட் அடிக்கணும். டிரம்முக்கு அடிச்ச ஆங்கிள் இரும்பு இருக்கு, வெல்டிங் நானே பண்ணிடுவேன். அப்பத்தா மட்டும் தினமும் ஒரு தடவை கேக்குறாங்க, "அதுல கரண்டு வராதுல்லத்தா?"

வராது அப்பத்தா.