ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வரும் கார்டு

அக்டோபர் 6, 2025, திங்கள்

அத்தையை இன்று வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன், ரத்தம், மாத்திரை எதற்கும் பணம் கட்டவில்லை. எல்லாம் காப்பீட்டு அட்டையில் முடிந்தது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடானது, 2018-ல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்தது. அத்தைக்கு இன்றைக்கும் அது கலைஞர் கார்டுதான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை. இது இல்லாவிட்டால் அவளுடைய ஒன்றரை ஏக்கர் கொல்லை அடமானத்துக்குப் போயிருக்கும். அதை நன்றியோடு முதலில் எழுதிவைக்கிறேன்.

ஆனால் அத்தைக்கு ஏற்கெனவே இடது பக்கம் வாதம். இப்போது வலது இடுப்பும் போனதில் தானாகப் புரண்டு படுக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மகன் கடல் தாண்டிக் கட்டட வேலையில் இருக்கிறான். மகள், எனக்கு மதினி, செந்துறைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். பையில் நாலு சேலையோடு குன்னத்துக்கு வந்து இறங்கிவிட்டாள்.

அக்டோபர் 9

ஒரு ஆளைப் புரட்டுவதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. பழைய வேட்டியை நாலாய் மடித்து முதுகுக்கும் தொடைக்கும் அடியில் விரித்துவிட வேண்டும். ஆள் ஒரு பக்கம் நின்று அந்த வேட்டியைச் சுருட்டிப் பிடித்து ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். தோளைப் பிடித்து இழுத்தால் வலியில் அலறுகிறாள். திருப்பியதும் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. பிறகு முதுகுத்தண்டின் அடியைப் பார்க்க வேண்டும். இன்று அங்கே எட்டணா அளவுக்குச் சிவந்திருந்தது. மதினி விரலால் அழுத்திப் பார்த்தாள். சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி அதுதான்.

ராத்திரி எத்தனை தடவை எழுந்தாள் என்று அவளைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. நூறு நாள் வேலைக்கு இந்த வருடக் கூலி 336 ரூபாய். மக்காச்சோளக் காட்டில் களையெடுக்கவும் மருந்தடிக்கவும் ஆள் கூப்பிடுகிற நேரம் இது. இரண்டையும் விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறாள். அத்தையின் வைத்தியத்துக்குக் காசு கொடுக்கிற ஆள் உண்மையில் இவள்தான். எந்த ரசீதிலும் இவள் பேர் இல்லை.

அக்டோபர் 15

மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் வந்தார். பக்கத்துத் தெருப் பெண்தான். பிரஷர் பார்த்தார், சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொடுத்துவிட்டு, சிவந்த இடத்தைப் பார்த்துச் செவிலியருக்குப் போன் போட்டார். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுவேன். கிழவிகள் மாத்திரைக்காக வேப்பூருக்குப் பஸ் பிடித்துப் போய் வரிசையில் நின்ற காலம் எனக்குத் தெரியும். வாதத்துக்குப் பயிற்சி கொடுக்கவும், படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி குறைக்கவும் கூட இதில் ஆட்கள் உண்டு. ஆனால் அவர்கள் ஒன்றியம் முழுக்கச் சுற்ற வேண்டியவர்கள். வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். பீத்துணி மாற்ற அவர்கள் இருக்க மாட்டார்கள், இருக்கவும் முடியாது.

அக்டோபர் 23

தீபாவளிக்கு மதினி தன் வீட்டுக்குப் போகவில்லை. அவள் மகன் மட்டும் வந்து அதிரசம் கொடுத்துவிட்டு, "எப்பம்மா வருவ?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அதனால் இன்று முதியோர் இல்லங்களை விசாரித்தேன். கட்டண இல்லம் ஒன்றில் மாதம் 18,000 சொன்னார்கள். படுத்த படுக்கையென்றால் தனியாக ஆள் வைக்க வேண்டும், அதற்குக் கூடுதல். தர்மத்துக்கு நடத்தும் இல்லம் ஒன்றில் கனிவாகத்தான் பேசினார்கள், ஆனால் எழுந்து நடமாடுகிறவர்களை மட்டும்தான் சேர்க்கிறார்களாம். மற்றவர் உதவி யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்குத்தான் இடமில்லை.

காப்பீட்டு அட்டையை இல்லத்தில் காட்ட முடியுமா என்று மதினி கேட்டாள். முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கொடுக்கும் காசு அது. வீடு திரும்பிய பின் 15 நாள் வரையான மருந்துச் செலவை மத்தியத் திட்டம் கணக்கில் சேர்க்கும். அதோடு சரி. சென்ற ஆண்டு அக்டோபரில் 70 வயது தாண்டிய எல்லோருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் என்று டெல்லியில் தொடங்கிவைத்தார்களே, அதுவும் சிகிச்சைக்குத்தான்.

2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 19-வது பிரிவு, ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும்படியான இல்லங்களை அரசு அமைக்கலாம் என்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. இதே சட்டத்தில் ஆர்டிஓவிடம் மனுக் கொடுத்து, பிள்ளையிடமிருந்து மாதம் 10,000 வரை ஜீவனாம்சம் கேட்கலாம். அத்தையிடம் சொன்னேன். "எம் புள்ள மேல நான் மனுக் குடுக்கறதா? அவனே வெயில்ல வெந்துகிட்டுக் கிடக்கான் சாமி" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கூலிக்காரன் ஒருவனிடமிருந்து இன்னொரு கூலிக்காரிக்குப் பணத்தை மாற்றிக் கொடுப்பது இதற்கு வழியாகாது.

நவம்பர் 2, ஞாயிறு

தங்கை மகள் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டாள். அங்கே முதியோரைக் கவனிக்கும் இல்லமொன்றில் வேலை. ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு, மெடிக்கெய்ட், 1965-லிருந்து இருக்கிறது. உதவியோடு வாழும் இல்லங்களில் அது அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்காது. குளிப்பாட்ட, உடுத்திவிட, மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆகும் செலவை மட்டும் பல மாநிலங்களில் ஏற்கிறது. அதற்கும் சில மாநிலங்களில் காத்திருப்புப் பட்டியல். பணக்கார நாட்டிலும் பாதி வழிதான் வந்திருக்கிறார்கள்.

அவள் சொன்ன இன்னொன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பல மாநிலங்களில் வீட்டிலேயே தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கே அந்தப் பணத்தைக் கூலியாகக் கொடுக்கலாமாம். ஜெர்மனியிலும் 1995-லிருந்து பராமரிப்புக் காப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு, வீட்டில் வைத்துப் பார்த்தால் கையில் பணமாகவே வாங்கலாம். நமக்கு வேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது. மாவட்டத்துக்கு ஒரு பெரிய கட்டடம் வரட்டும், யாருமே இல்லாதவர்களுக்கு அது அவசியம். ஆனால் அத்தைக்கு அவள் கட்டிலும் அவள் வாசலும் போதும். பார்த்துக்கொள்கிறவளுக்குக் கூலி இல்லை, அதுதான் குறை.

நவம்பர் 7

முதியோர் உதவித்தொகை வந்தது. 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது, 2023-லிருந்து 1,200. இதில் 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200, மிச்சம் மாநிலம் போடுவது. பணம் கொண்டுவரும் பெண் கைரேகை மெஷினைக் கட்டிலில் வைத்தார். ஆயுசு முழுக்கக் களைக்கொட்டு பிடித்த விரல், ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. கட்டைவிரல் விழவில்லை. ஈரத்துணியால் துடைத்து, மஞ்சள் கறையைச் சுரண்டி, கடைசியில் மோதிர விரலில் விழுந்தது. அந்தப் பெண் சலித்துக்கொள்ளவே இல்லை.

1,200-ல் டயப்பர் வாங்கினால் மாதத்தில் பாதி நாளுக்கு வராது. ரேஷன் அரிசி மட்டும் தாயுமானவர் திட்டத்தில் வாசலுக்கே வந்துவிடுகிறது, 70 வயது தாண்டியவர் என்பதால். அரிசியை வாசலில் கொண்டுவந்து போட முடிந்த அரசால் இதையும் செய்ய முடியும்.

நவம்பர் 10, திங்கள்

பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர் கூட்டம். மனுக் கொடுத்தேன். இன்றைக்கே திருச்சியில் முதலமைச்சர் அன்புச்சோலை மையங்களைத் தொடங்கிவைத்திருக்கிறார். முதியோர் பகலில் வந்து பேசி, சாப்பிட்டு, பயிற்சி செய்துவிட்டு வீடு திரும்பும் இடம். நடக்க முடிந்தவர்களுக்கு நல்ல காரியம். வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எவ்வளவோ மேல்.

மனுவில் மூன்று கேட்டிருக்கிறேன். காப்பீட்டில் ஆபரேஷனுக்குத் தொகை நிர்ணயித்திருப்பதுபோல, படுக்கையில் கிடப்பவருக்கு வீட்டுப் பராமரிப்புக்கும் ஒரு தொகை. அது பார்த்துக்கொள்ளும் பெண்ணின் கணக்கில் நேராக விழ வேண்டும். பதிலுக்கு ஆளில்லாத நாட்களில், ஒரு வாரமாவது அத்தையை வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியிலோ இல்லத்திலோ சில கட்டில்கள். மாநிலக் கொள்கை சம்பந்தப்பட்டது, மேலே அனுப்புகிறோம் என்றார்கள்.

மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்தில் ஒருவர் உட்கார வைத்துப் பேசினார். வாதத்துக்கு மருத்துவச் சான்று வாங்கி, பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் என்று வந்தால் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 கிடைக்க வாய்ப்புண்டு. முதியோர் பணம், இது, இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம் என்றும் சொன்னார். மாதம் 800 ரூபாய் கூடும். மதினி அதைக் கேட்டதும் தண்ணீர் மெத்தைக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் 13

சிவந்த இடம் ஆறிவருகிறது. சான்றுக்கு அத்தையை நேரில் கொண்டுபோக வேண்டும். ஆட்டோவில் படுக்க வைக்க முடியாது, ஆம்னி வேனுக்குச் சொல்லியிருக்கிறேன். பின் சீட்டைக் கழற்றித் தருவதாக டிரைவர் ஒத்துக்கொண்டார். ஆதார், ரேஷன் கார்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, நாலு போட்டோ. நிமிர்ந்து உட்கார வைத்துப் போட்டோ எடுக்க இன்னும் ஒரு ஆள் வேண்டும். தன்னார்வலர் பெண் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.