வாளுக்கு முன் கவசம்

வாளும் சிறு கேடயமும் ஏந்திய குருவானவர் ஒருவரைப் படத்தில் காண்பது வாசக அன்பர்களுக்கு வியப்பாயிருக்கலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள அரச படைக்கலக் காட்சிச்சாலையில் அத்தகைய கையெழுத்து ஏடு ஒன்று பேணப்படுகிறது. ஐரோப்பாவில் எஞ்சியுள்ள வாட்பயிற்சி நூல்களுள் மிகப் பழையதாக அறியப்படுவது அதுவே. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மண்ணில், இலத்தீன் மொழியில் எழுதப்பெற்ற அவ்வேட்டில், உச்சி மழித்த குரு ஆசிரியராகவும் இளைஞன் மாணவனாகவும் எதிரெதிரே நிற்கின்றனர். இருவர் முகத்திலும் கவசமில்லை.

இத்தகைய ஏடுகளிலிருந்து பழங்கலையை மீட்டுப் பயிலும் குழுக்கள் இன்று ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் உள்ளன. நாம் ஜெர்மனியில் பங்குப் பணியாற்றிய ஆண்டுகளில், நமது பங்கு மண்டபத்திலேயே அத்தகைய குழு ஒன்று வாரந்தோறும் கூடிற்று. முன்னர் பீடச் சிறுவனாயிருந்த பதினெட்டு வயது இளைஞனொருவன் அதில் சேர விரும்பினான். அவன் தாயோ கைம்பெண். துப்புரவுப் பணி செய்து குடும்பம் நடத்தியவர். "ஒரே மகன், அனுமதிக்கலாமா?" என்று நம்மிடம் கேட்டார். மகனோ, தான் சேமித்த பணம் முழுவதையும் கொடுத்து, கடைக் கண்ணாடிக்குள் மின்னிய வாளொன்றை வாங்கிவிடும் முனைப்பில் இருந்தான். மூவருமாகப் பயிற்றுநரை அணுகினோம்.

"வாளைக் கடைசியில் வாங்கு" என்பதே அவர் சொன்ன முதற்சொல். கடையில் மின்னுவது சுவரில் மாட்டும் அலங்கார வாள். கைப்பிடிக்குள் செல்லும் அதன் அடிப்பகுதி பெரும்பாலும் மெலிந்திருக்கும். ஓங்கி மோதினால் முறிந்து பறக்கும். ஆகவே அது பயிற்சிக்கு உதவாதது மட்டுமன்று, அருகில் நிற்பவருக்கும் ஆபத்தானது.

முதலில் வாங்க வேண்டியவை முகக்கவசமும், உறுதியான கழுத்துக்கவசமும், கையுறையுமே. விளையாட்டு வாள்வீச்சுக்குரிய முகக்கவசம் மெல்லிய வாளின் குத்தைத் தாங்குமாறு அமைந்தது. பின்மண்டையை அது மூடுவதில்லை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள நெடுவாளுக்கு, பின்மண்டையைக் காக்கும் மேலுறையும் வேண்டும். விரல்களே எளிதில் அடிபடுபவை. எஃகு வாளுக்கு மெல்லிய தோலுறை போதாது, விரல்தோறும் கடினத் தகடு பொருத்திய உறையே தேவை.

மேற்சட்டையில் 350 நியூட்டன், 800 நியூட்டன் என்று குறித்திருப்பார்கள். துளைக்கும் விசையைத் துணி எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு அது. அடியின் வலியைத் தாங்கும் அளவன்று. அடியைத் தாங்குவது உள்ளிருக்கும் பஞ்சுத் திண்டே. இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திப் பார்த்து, இடுப்பு வெளியே தெரியாத சட்டையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கென்று இளைஞன் கேட்டபோது, பயிற்றுநர் ஒரு துயர நிகழ்ச்சியை நினைவூட்டினார். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கம் வென்றவர் சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ். 1982இல் உரோமை நகரில் நடந்த உலகப் போட்டியில், எதிராளியின் வாள் முறிந்து, அவருடைய முகக்கவசத்தின் கம்பிவலையை ஊடுருவிற்று. சில நாள்களில் அவர் உயிர் நீத்தார். அதன் பின்னர் கவசத்திற்கும் ஆடைக்கும் வாளின் எஃகிற்கும் உரிய விதிகள் கடுமையாக்கப்பட்டன. எதிரே நின்றவர் மேற்கு ஜெர்மானிய வீரர் மத்தியாஸ் பேர். அவர்மீது குற்றமேதுமில்லை, எனினும் அந்தத் துயரம் அவரை நெடுங்காலம் வாட்டியது.

"உன் முகக்கவசம் உன் கண்ணை மட்டும் காப்பதில்லை, உன் தோழனை வாழ்நாள் துயரத்தினின்றும் காக்கிறது" என்றார் பயிற்றுநர். அச்சொல் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. நமக்கென்று நாம் அணிவதும் பிறருக்காகவே அணிவதாகின்றதல்லவா?

வாளின் தேர்விலும் இவ்வுண்மையே விளங்குகிறது. பயிற்சிக்குரிய எஃகு வாளை இன்று 'ஃபெடர்' என்பர். ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்கு இறகு என்று பொருள். 1570இல் ஸ்ட்ராஸ்பூர்கில் வெளிவந்த யோவாக்கிம் மேயரின் நூற்படங்களிலேயே இவ்வகை வாளைக் காணலாம். அதன் விளிம்பு மழுங்கியது. நுனி உருட்டி மடிக்கப்பட்டது அல்லது அகன்று தட்டையானது. குத்தும்போது அலகு வளைந்து கொடுக்கும். வளையாத வாள் ஏந்தியவனுக்குப் பெருமை தரலாம்; எதிரே நிற்பவனின் விலா எலும்பிற்கோ கேடு. நைலான் வாள் விலை குறைந்தது, தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றது. ஆயினும் இரு வாள்கள் மோதுகையில் எஃகைப்போல் பற்றாமல் வழுக்கும். அதன் அடியும் வலிக்கும். ஆகவே அதற்கும் கவசம் வேண்டும்.

தாய் இசைந்தார். சேமிப்புப் பணம் முகக்கவசத்திற்கும் கழுத்துக்கவசத்திற்கும் கையுறைக்கும் சென்றது. சட்டையையும் நைலான் வாளையும் குழுவினர் இரவல் தந்தனர். ஓராண்டு கழிந்து எஃகு வாள் வாங்கும் நாளில் தாயும் உடன் சென்றார். மகன் வாளின் எடையையும் பிடியையும் ஆராய்ந்துகொண்டிருக்க, அவர் கடைக்காரரிடம் கேட்டது ஒன்றே: "எதிரே நிற்கும் பிள்ளைமேல் பட்டால் இது நன்றாக வளையுமா?"

பெற்றோர்களே, பிள்ளைகளின் கையில் நாம் எதைக் கொடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.