உத்திரமேரூர்க் கல்லும் திருவிழா மேடையும்

காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகும் குடும்பங்கள், புடவை கைக்கு வந்ததும் திரும்பிவிடுகின்றன. அங்கிருந்து இன்னும் ஒரு முப்பது கிலோ மீட்டர் பஸ்ஸில் போனால் உத்திரமேரூர். அந்த ஊரில் பார்க்க வேண்டியது புடவையல்ல, கல்!

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட எழுத்துக்கள் இருக்கின்றன. குடவோலைத் தேர்தலின் விதிகள் அவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும் உள்ளவர்தான் நிற்கலாம். இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததுதானே என்பீர்கள். யாரெல்லாம் நிற்கக் கூடாது என்கிற ஜாபிதா இருக்கிறதே, அதுதான் சுவாரசியம். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவனுடைய உறவினர்களும் கூடாது! மகாபாதகம் செய்தவன், தகாத உறவு கொண்டவன் கூடாது. ஊரை ஆள வருகிற ஆண்பிள்ளையின் ஒழுக்கத்தைத்தான் அந்தச் சபையார் முதலில் சோதித்திருக்கிறார்கள்.

மண்டபத்தைவிட்டு வெளியே வந்தால் சுவருக்குச் சுவர் போஸ்டர். நான் போனது ஆடி மாதம். அம்மன் கோயில்களிலெல்லாம் கூழ் வார்க்கும் காலம். "மாபெரும் ஆடல் பாடல் நிகழ்ச்சி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை ரிக்கார்டு டான்ஸ் என்றால்தான் புரியும். கிராமபோன் ரிக்கார்டை வைத்துச் சினிமாப் பாட்டுக்கு ஆடியதால் வந்த பெயர். ரிக்கார்டு போய்விட்டது, டான்ஸ் இருக்கிறது.

இந்தச் சீமை தெருக்கூத்துக்குப் பேர் போனது. திரௌபதை அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் அதைப் பற்றிக் கேட்டேன்.

"அப்பெல்லாம் விடிய விடிய உக்காந்துனு பாப்போம், தம்பி. இப்ப எங்க? பத்து மணியானா மைக்கை நிறுத்துன்றாங்க."

"ஆடல் பாடல் பார்க்கப் பெண்கள் போவதுண்டா, ஆயா?"

"முதல்ல ரெண்டு சாமி பாட்டு போடுவாங்க. அது வரைக்கும் நாங்க. அப்பாலே ஆம்பளைங்க." சற்று நேரம் பூவைக் கட்டிவிட்டு, "நோட்டைக் குத்துறவன் ஊர்க்காரன். கேவலம்லாம் அந்தப் பொண்ணுக்கு" என்றாள்.

கூத்தில் கட்டியக்காரன் பேசாத இரட்டை அர்த்தமா? ஆனால் அவனும் ஆண், கூத்தில் பெண் வேஷம் கட்டியவனும் பெரும்பாலும் ஆண். ஆகவே ஊர் சிரித்துவிட்டுப் போயிற்று. மேடையில் நிஜமாகவே ஒரு பெண் வந்து நின்றதும் போலீஸ் வந்துவிட்டது.

வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பையன்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எது வேண்டுமானாலும் ஆடலாம் என்று எந்தத் தாய் ஒப்புக்கொள்வாள்? இப்போது அனுமதிக்கு விண்ணப்பம் போட வேண்டும். போலீஸார் மறுத்தால் விழாக் கமிட்டியார் ஐகோர்ட்டுக்குப் போகிறார்கள். ஐகோர்ட்டும் பல தடவை நிபந்தனைகளோடு அனுமதித்திருக்கிறது. ஆபாச ஆட்டம் கூடாது. இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது. கட்சி, மதம், சாதி பற்றிய பாட்டு கூடாது. குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும். மீறினால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதீய நியாய சம்ஹிதையின் 296-ஆம் பிரிவு இருக்கிறது. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொது இடத்தில் ஆபாசச் செயல் செய்பவரையும் ஆபாசப் பாட்டுப் பாடுபவரையும் அந்தப் பிரிவு சொல்கிறது. நோட்டைக் காட்டி "இன்னும், இன்னும்" என்று கத்துகிறவரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

இது புதிய கதையுமல்ல. 1947-ல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலன். சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டும் கொடுமை ஒழிந்ததற்கு நாம் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அதே சட்டம், கோயில் திருவிழாவில் பெண் ஆடுவதே சட்டவிரோதம் என்றும் எழுதியது. அந்த ஆட்டம் அதற்கு முன்பே சென்னை சபாக்களுக்குக் குடிபோய்ப் பரதநாட்டியமாகியிருந்தது. இன்று நம் பெண்களுக்குச் சலங்கை கட்டி அரங்கேற்றம் செய்கிறோம். ஆடிவந்த குடும்பங்களின் சோற்றுக்கு வழி சொல்லச் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று.

பம்பாயிலும் இதே கூத்துதான். 2005-ல் மகாராஷ்டிர அரசு மதுக்கடை நடனத்தைத் தடை செய்தது. மூன்று நட்சத்திர ஓட்டல்களுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் விலக்கு! பணக்காரர் பார்த்தால் கலை, மற்றவர் பார்த்தால் ஆபாசம் போலிருக்கிறது. சுமார் 75,000 பெண்கள் பிழைப்பை இழந்தார்கள் என்று அப்போது பேசப்பட்டது. 2006-ல் பம்பாய் ஐகோர்ட்டு தடையை ரத்து செய்தது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. தடையால் பல பெண்கள் அதைவிடக் கேடான தொழிலுக்குத் தள்ளப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. அரசு 2016-ல் வேறொரு சட்டம் கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் அதன் சில பிரிவுகளும் அடிபட்டன. ஆடும் பெண்ணுக்கு இனாம் கொடுக்கலாம், அவள் மேல் நோட்டை வாரி இறைக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்லிற்று. இத்தனை ஆண்டுக் கட்டுப்பாட்டில், பார்க்க வந்தவரின் கையைப் பிடித்துத் தடுத்த விதி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அன்றிரவு உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மேடை போட்டிருந்தார்கள். பாயை விரித்துப் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மன் பாட்டு இரண்டு முடிந்ததும், ஆயா சொன்னபடியே, பாய்கள் சுருட்டப்பட்டன. போலீஸ்காரர்கள் இருவர் ஓரமாக நின்றார்கள். நிபந்தனைக்குப் பயந்தோ என்னவோ, ஆட்டம் நம் வீட்டுத் தொலைக்காட்சியில் வருவதைவிட அடக்கமாகவே இருந்தது. பத்து மணிக்கு விளக்கை அணைத்தார்கள்.

மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் மறைவில், ஜிகினா உடைக்கு மேலே போர்வையைப் போர்த்திக்கொண்டு நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தியின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பேசிய நேரத்துக்கு முன்பே ஆட்டம் நின்றுவிட்டதால் பாக்கிப் பணம் குறையும் என்று கமிட்டிக்காரர் வாதாடிக்கொண்டிருந்தார். வேன் கிளம்பாமல் நின்றது.