கணவாய்கள் கடந்து லேவுக்கு



பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்த நம் குடும்பங்களின் வாலிபருக்குள் அண்மைக் காலமாக ஓர் ஆவல் வேரூன்றியிருக்கிறது. வருடாந்தர விடுப்பு கிடைத்ததும் ஊருக்குச் செல்லும் ரயிலைத் தேடாமல், மோட்டார் சைக்கிளிலோ காரிலோ லடாக்கின் மலைப்பாதைகளை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறார்கள். 2022 ஆகஸ்டில் எங்கள் சபையைச் சேர்ந்த, கணினி நிறுவனமொன்றில் பணிபுரியும் ஒரு தம்பியும் அவ்வாறு ஆயத்தமானார். நாசரேத்தில் இருக்கும் அவருடைய தாயார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்கள். "ஐயா, நான் சொன்னால் அவன் கேட்கமாட்டான். நீங்களும் கூடப் போனால் எனக்குக் கொஞ்சம் உறக்கம் வரும்" என்றார்கள். தகப்பனில்லாத பிள்ளை, ஒரே மகன். ஐம்பத்தைந்து வயதில் மலையேறும் எண்ணம் எனக்கு இருந்ததேயில்லை. ஆயினும் புறப்பட்டேன்.

லடாக் என்னும் பெயருக்கே கணவாய்களின் தேசம் என்று பொருள் சொல்லுகிறார்கள். அந்நாட்டு மொழியில் 'லா' என்றால் கணவாய். மணாலியிலிருந்து லே பட்டணத்துக்குச் செல்லும் பாதையில் பாரலாச்சா லா, நகீ லா, லாச்சுங் லா, டாங்லாங் லா என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலாவது 16,040 அடி. கடைசியானது ஏறக்குறைய 17,480 அடி. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, மணாலிக்கு மேலே 13,050 அடி உயரத்தில் ரோத்தாங் கணவாய் நிற்கிறது. பிணக்குவியல் என்று அதன் பெயருக்குப் பொருள் கூறுவர். பனிப்புயலில் அகப்பட்டு மாண்டவர்கள் அத்தனை பேர். 2020 அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை, அந்தக் கணவாயின் கீழே 9.02 கிலோமீட்டர் நீளத்துக்கு மலையைக் குடைந்து செல்லுகிறது. முன்பு அரைநாள் பிடித்த இடத்தை நாங்கள் பத்து நிமிடத்தில் கடந்தோம். அந்தச் சௌகரியமே எங்களுக்கு முதற்கண்ணியாயிற்று என்பதைப் பின்னரே அறிந்தேன்.

சுரங்கத்துக்கு அப்பால் லாகூல் பள்ளத்தாக்கு. அதன் தலைநகரான கீலாங்கில் 1856ஆம் ஆண்டிலேயே மொரேவிய மிஷனெரிமார் குடியேறினார்கள். சுரங்கமும் இல்லை, வண்டிப்பாதையும் இல்லை. ரோத்தாங்கைக் கால்நடையாகக் கடந்தவர்கள் அவர்கள். அவ்வூர்ப் பெண்கள் இன்று பின்னி விற்கும் கம்பளிக் காலுறைகள் அவர்கள் கற்பித்த பின்னல் வேலையின் வழிவந்தவை. கீலாங்குக்குச் சற்று முன்னே தாண்டி என்னும் இடத்தில் சந்திரா, பாகா ஆகிய இரு நதிகளும் கூடுகின்றன. அங்கேயுள்ள பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதி வைத்திருந்தார்கள். தொட்டியை நிரப்பிக்கொண்டு, இரண்டு கேன்களிலும் பிடித்துக்கொண்டோம்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஜிஸ்பாவில் தேநீர் அருந்தினோம். கடைக்கார முதியவர், "இன்று இங்கேயே தங்குங்கள், நாளையும் தங்கினால் நல்லது" என்றார். ஆனால் சர்ச்சூவில் கூடாரத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் முன்பணம் கட்டியிருந்தோம். (பெயரைக் கேட்டு அதை ஓர் ஆலயம் என்று எண்ணிவிட வேண்டாம், 14,000 அடி உயரத்தில் காற்று வீசும் வெறும் பொட்டல்.) தம்பி என் முகத்தைப் பார்த்தார். மூத்தவனாகிய நான் அங்கே பேசியிருக்க வேண்டும். பணத்தை நினைத்து மௌனமாயிருந்தேன். அதை இன்றளவும் என் கணக்கில்தான் எழுதிக்கொள்ளுகிறேன்.

இங்கே ஒரு காரியத்தை விளக்கியாக வேண்டும். உயரே போனால் காற்றில் பிராணவாயுவின் பங்கு குறைந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பங்கு குறைவதில்லை, எங்கும் அது நூற்றுக்கு இருபத்தொன்றுதான். குறைவது காற்றின் அழுத்தம். 17,500 அடியில் கடல்மட்டத்து அழுத்தத்தில் பாதியளவே இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிட்டுவது பாதிதான். காரில் வைத்திருந்த சிப்ஸ் பொட்டலங்கள் பலூனைப்போல் உப்பி நின்றன. காரின் எஞ்சினுக்கும் அதே பஞ்சம். எங்கள் பெட்ரோல் கார் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறிற்று. மனித சரீரமோ இந்தக் குறைவுக்குப் பழகிக்கொள்ளக் கூடியது, நாள் கொடுத்தால். டெல்லி 700 அடி. மணாலி 6,700 அடி. அங்கிருந்து ஒரே பகலில் 14,000 அடிக்குச் சென்று படுத்துக்கொண்டால் எந்தச் சரீரத்துக்கும் அந்த நாள் கிடைப்பதில்லை. பகலில் ஒரு கணவாயைத் தொட்டுவிட்டு இறங்குவதில் ஆபத்துக் குறைவு. உயரத்தில் உறங்குவதிலேயே அது பதுங்கியிருக்கிறது.

சர்ச்சூவுக்கு இன்னுமொரு வஞ்சகம் உண்டு. மலைநோய் கண்டவருக்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் சர்ச்சூவிலிருந்து ஏறாமல் இறங்க முடியாது. முன்னே போனால் நகீ லாவும் லாச்சுங் லாவும். பின்னே போனால் பாரலாச்சா லா. கிண்ணத்தின் அடியில் விழுந்த எறும்பின் நிலை அது.

இரவு ஒன்பது மணிக்குத் தம்பிக்குத் தலைவலி கண்டது. பதினொரு மணிக்கு வாந்தி. மாத்திரை கொடுத்தேன், ஜெபித்தேன், காலையில் சரியாகிவிடும் என்று இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். இரண்டு மணிக்கு அவர் வெளியே போக எழுந்தபோது, வெறித்தவனைப்போல் தள்ளாடினார். எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்து, "நாசரேத்து" என்றார்.

கூடாரக்காரரை எழுப்பினேன். அவர் தம்பியை ஒரு பாதத்தின் முன் மறுபாதம் வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். இரண்டடியில் அவர் சாய்ந்துவிட்டார். "விடியும்வரை காத்திருக்காதீர்கள். இது மூளையில் நீர் கோக்கும் அடையாளம். பின்னாலே போங்கள், ஒரு கணவாய்தான், அதற்கப்பால் முழுவதும் இறக்கம்" என்றார். தம்மிடமிருந்த பிராணவாயு உருளையைத் தூக்கிவந்து காரில் வைத்து, அதன் குழாயைத் தம்பியின் மூக்கில் பொருத்தினார். விலை கேட்டதற்கு, திரும்பும் லாரி எதிலாவது காலி உருளையைக் கொடுத்தனுப்பினால் போதும் என்றுவிட்டார்.

சபையின் பழைய வேனைப் பதினெட்டு ஆண்டுகள் டெல்லி நெரிசலில் ஓட்டியிருக்கிறேன். அதெல்லாம் ஓட்டமா! பாரலாச்சா ஏற்றத்தில் சாலையோரத்துச் சுவரில்லை; விளக்கொளி வளைவுக்கு அப்பால் வெறும் இருளில் போய் விழுந்தது. ஒரே ஓர் அனுகூலம் இருந்தது. பகல் வெயிலில் பனி உருகி, பிற்பகலில் பாதையை அறுத்துக்கொண்டு பாயும் ஓடைகள் இரவின் குளிரில் வற்றிக் கணுக்கால் ஆழத்துக்கு ஒடுங்கியிருந்தன. ஆனால் அவற்றின் ஓரங்களில் தண்ணீர் கண்ணாடியாய் உறைந்திருந்தது. ஒருமுறை காரின் பின்புறம் பள்ளத்தின் பக்கம் வழுக்கிற்று. தம்பி விழித்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடத்துக்கொருமுறை அவர் பெயரைச் சொல்லி அழைத்தேன். பதில் வரும்வரை என் மூச்சும் நின்றிருந்தது. கணவாயின் உச்சியில் எவ்வளவு நேரம் சென்றதோ அறியேன். தாயாரிடம் என்ன சொல்வது என்பதே மனதில் ஓடிற்று.

தார்ச்சா பாலத்தைக் கடந்தபோது பொழுது புலர்ந்தது. தம்பி தாமாகவே தண்ணீர் கேட்டார். சர்ச்சூவிலிருந்து 107 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீலாங் மருத்துவமனையை அடைந்தபோது, தம் பெயரையும் ஊரையும் பிழையின்றிச் சொன்னார். இன்னும் மூன்று மணிநேரம் அங்கே படுத்திருந்தால் காரியம் வேறுவிதமாயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு நாள் கழித்து டெல்லிக்குத் திரும்பினோம். தாயாரிடம் நடந்தவற்றை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "திரும்பி வந்துவிட்டீர்களே ஐயா, அது போதும்" என்றார்கள்.

மறு ஆண்டு ஜூனில் தம்பி மீண்டும் கேட்டார். இம்முறை மருத்துவரின் சம்மதத்தோடும், தாயாரின் சம்மதத்தோடும், ஸ்ரீநகர் வழியாக. அந்தப் பாதை படிப்படியாக உயருகிறது. சோஜி லா 11,500 அடிக்குச் சற்று மேல். அதைக் கடந்து இறங்கி 8,800 அடியிலுள்ள கார்கிலில் உறங்கலாம். மறுநாள் 13,479 அடி உயர ஃபோட்டு லாவைத் தாண்டி லே. அங்கே மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தோம். 1885இல் தொடங்கப்பட்ட மொரேவிய சபையின் ஆலயத்தைப் பார்த்ததும், பாதாம்பழ நிழலில் உட்கார்ந்திருந்ததுமே எங்கள் வேலை.

நான்காம் நாள் கார்துங் லா. உலகிலேயே உயரமான மோட்டார் சாலை, 18,380 அடி என்று நெடுங்காலம் அங்கே பலகை வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் கருவிகளால் அளந்தவர்கள் 17,582 அடி என்று கண்டார்கள். அந்தப் பலகையின் கீழ்ப் படமெடுத்துக்கொண்ட ஆயிரமாயிரம் பேருக்கு ஏறக்குறைய 800 அடி இனாமாகக் கிடைத்திருக்கிறது! 2021இல் கின்னஸ் சான்றிதழ் பெற்றது உம்லிங் லா, 19,024 அடி. எவரெஸ்டின் தென்புற அடிவார முகாமைவிட உயரம். அதையும் விஞ்சி 2025 அக்டோபரில் மிக் லா வரை, 19,400 அடிக்குப் பாதை போட்டுவிட்டார்கள். உச்சியில் இருபது நிமிடங்களுக்குமேல் நில்லாமல் இறங்கினோம். தம்பி படமெடுக்கவில்லை, கைப்பையில் நாடித்துடிப்புக் கருவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்தப் பாதைகளைப் போடுகிறவர்கள் யார்? 1960இல் நிறுவப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்புக்கு லடாக்கில் ஹிமாங்க் என்னும் பிரிவு 1985 முதல் இயங்கிவருகிறது. மஞ்சள் பலகைகளில் வேடிக்கையான எச்சரிக்கைகளை எழுதிவைப்பவர்களும் அவர்களே. பாறையுடைத்துத் தார் காய்ச்சுவோர் பெரும்பாலும் ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வருகிறவர்கள். கொரோனா ஊரடங்கில், 2020 மே மாதம், லடாக்கில் அகப்பட்டிருந்த ஜார்க்கண்ட் தொழிலாளர் 60 பேரை அம்மாநில அரசு விமானத்தில் ஊருக்கு வரவழைத்தது. அடுத்த மாதமே தும்காவிலிருந்து சிறப்பு ரயிலில் நூற்றுக்கணக்கானோர் மறுபடி லடாக்குக்குப் புறப்பட்டார்கள். பசிக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

திரும்பும் பிரயாணத்தில், அதிகாலை நான்கு மணிக்கு லேயை விட்டுப் புறப்பட்டு, மணாலிப் பாதையில் டாங்லாங் லாவைக் கடந்து இறங்கும்போது அவர்களைக் கண்டோம். பீப்பாய்களில் தார் கொதித்தது; புகையைத் துணியால் முகத்தில் கட்டித் தடுத்திருந்தார்கள். நாம் இருபது நிமிடத்துக்குமேல் நிற்க அஞ்சும் உயரத்தில் அவர்கள் மாதக்கணக்காய் மண்வெட்டி பிடிக்கிறார்கள். வழி விடுவதற்காக நிறுத்தியபோது இளைஞரொருவர் ஜன்னலருகே வந்து, "உங்கள் போன் வேலை செய்கிறதா?" என்று இந்தியில் கேட்டார். வெளிமாநிலத்து முன்கட்டண சிம் லடாக்கில் இயங்குவதில்லை; அவருடையது ஜார்க்கண்டில் வாங்கியது. கணவாயில் எவருடைய போனுக்கும் உயிரில்லை. அவர் சிமெண்ட் மூட்டைத் தாளில் ஓர் எண்ணை எழுதித் தந்தார். "அப்பாவிடம் பேசுங்கள். நான் சுகமாயிருக்கிறேன் என்று சொல்லுங்கள். மழை வந்ததா, நாற்றங்காலில் விதைத்தாயிற்றா என்று கேளுங்கள்."

பாங் தாண்டி, லாச்சுங் லாவும் நகீ லாவும் கடந்து, காட்டா வளைவுகளின் இருபத்தொரு கொண்டை ஊசிகளிலும் இறங்கினோம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தே வந்தால் அது சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். சின்ன கியரில் போட்டு எஞ்சினையே கடிவாளமாக்க வேண்டும். ஒரு வளைவில் தண்ணீர்ப் புட்டிகள் குவிந்து கிடந்தன. பழுதான லாரியில் நோயுற்றுத் தனியே விடப்பட்டு, உதவி வருமுன்னே தாகத்திலும் குளிரிலும் இறந்த கிளீனர் பையன் ஒருவனுக்காக வழிப்போக்கர் வைப்பவை என்கிறார்கள். அவன் ஆவி உலாவுகிறதென்ற கதையை நான் ஏற்கிறவனல்ல. ஆனால் அந்தப் பையனின் கடைசி இரவு எப்படியிருந்திருக்கும் என்று ஊகிக்க எனக்கும் தம்பிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சர்ச்சூவில் நிறுத்தி, கூடாரக்காரருக்கு நாசரேத்திலிருந்து அம்மா அனுப்பிய முந்திரிக்கொத்துப் பொட்டலத்தைக் கொடுத்தோம். இரவு தங்கவில்லை.

கீலாங்கை அடைந்தபோது இரவு எட்டு மணி. தம்பி தாளைப் பார்த்து எண்ணை அழுத்தினார். மறுமுனையில் ஒரு முதியவர். இந்தி சொற்பமே தெரிந்தது. மகன் பெயரைச் சொன்னதும் யாரையோ கூவி அழைத்தார், பல குரல்கள் சேர்ந்துகொண்டன. மழை நான்கு நாளாகப் பெய்கிறதென்றும், விதைத்தாயிற்று என்றும், வெள்ளைக் கன்றுக்குட்டி பிழைத்துக்கொண்டது என்றும் சொன்னார்கள். கன்றுக்குட்டியைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை.

செய்தி கிடைத்துவிட்டது, கொண்டுபோக வழியில்லை. மறுநாள் விடியற்காலையில் தாண்டி பெட்ரோல் நிலையத்துக்குச் சென்று நின்றோம். லேவுக்குக் காய்கறி ஏற்றிச்செல்லும் ஒரு லாரி டீசல் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டுநரிடம் இடத்தை அடையாளம் சொன்னோம்: டாங்லாங் லாவுக்கு இந்தப் பக்கம், ஏற்றம் தொடங்கிய பின், தார்ப் பீப்பாய்கள் இருக்கும் வளைவு. இளைஞரின் பெயரைத் தம்பி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஓட்டுநர் அதைக் கண்ணாடி மறைப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "மழை வந்துவிட்டது. விதைத்தாயிற்று. கன்றுக்குட்டி என்ன நிறம் என்றீர்கள்?"