வசனத்தில் அமைக்கவும்

ஸ்காபரோவில் எக்லின்டன் வீதியை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. 2024 பெப்ரவரி. வாசலில் கழற்றிவைத்த பனிச்சப்பாத்துகளில் இருந்து தண்ணீர் கோடுகோடாக ஓடுகிறது. உள்ளே பதினான்கு பேர். வெண்பலகையில் ஆசிரியை எழுதியிருப்பது ‘லுக்கிங் ஃபோர்வேர்ட் டு’. அதன் கீழே ஒரு கட்டளை: வசனத்தில் அமைக்கவும்.

கடைசி வரிசையில் இருக்கும் 61 வயது அம்மாவுக்கு இந்தக் கட்டளை புதிதல்ல. வடமராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஆண்டு நான்குப் பிள்ளைகளுக்கு முப்பது வருடங்களாக அதைக் கரும்பலகையில் எழுதியவர் அவர். மகள் ஸ்பொன்சர் செய்து கணவரோடு வந்து இறங்கியவர், இப்போது வாங்கின் மறுபக்கத்தில் கொப்பி விரித்து உட்கார்ந்திருக்கிறார்.

வந்தது ‘லிங்க்’ வகுப்புக்கு. புதிதாகக் குடியேறுவோருக்கு ஆங்கிலம் கற்பிக்க கனடாவின் மத்திய அரசு 1992இல் தொடங்கிய இலவசத் திட்டம் அது. மொழித்திறனை இங்கே 12 படிகளாக அளக்கிறார்கள். குடியுரிமை கேட்பவர் 18 வயதுக்கும் 54 வயதுக்கும் இடைப்பட்டவராக இருந்தால் நான்காம் படியை எட்டியிருக்க வேண்டும். அம்மாவை அந்த விதி கட்டாது. அவருக்கு வேண்டியது வேறு. வீட்டுத் தொலைபேசியில் வந்து கிடக்கும் பதிவுக்குரல் என்ன சொல்கிறது என்று, மகள் வேலையால் வரும்வரை காத்திராமல், தானே விளங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

முதல் வசனம் ஒரு சிரியா நாட்டு இளைஞனுடையது. அண்ணனைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன் என்பதை ‘லுக்கிங் ஃபோர்வேர்ட் டு சீ’ என்று சொன்னான். ‘சீயிங்’ என்று ஆசிரியை திருத்தினார். வகுப்பு குழம்பியது. ‘வோண்ட் டு சீ’ சரியென்றால் இது மட்டும் ஏன் பிழை? இரண்டு ‘டு’வும் ஒன்றல்ல என்று ஆசிரியை விளக்க விளக்கக் குழப்பம் கூடியது. அம்மா மட்டும் கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு சொற்களை எழுதிக்கொண்டார்: ‘பார்க்க’, ‘பார்ப்பதற்கு’. முதலாவது வினையெச்சம். இரண்டாவது, தொழிற்பெயரோடு நான்காம் வேற்றுமை. இந்த ‘டு’ எங்கள் ‘கு’ உருபைப் போன்றது, பெயர்ச்சொல்லோடுதான் ஒட்டும். ‘சீயிங்’ என்பது பெயராகிவிட்ட வினை. அத்தோடு அவருக்கு விசயம் முடிந்தது.

ஒரு பிலிப்பைன்ஸ் பெண் எக்லின்டன் ரயிலை ஆவலோடு எதிர்பார்ப்பதாகச் சொன்னபோது ஆசிரியையே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த அந்தப் பாதைக்கு 2011இல் வேலை தொடங்கியது. 2020இல் ஓடும் என்றார்கள். பாதை கிடந்தது, பயணி ஏறவில்லை. வகுப்புக்கு வரும் எல்லோரும் பஸ்ஸில்தான் வந்தார்கள்.

பிறகு அம்மாவின் முறை. கணவரின் கண் ஒப்பரேசனை ‘லுக்கிங் ஃபோர்வேர்ட்’ என்று ஒரு வசனம். இலக்கணத்தில் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் ஆசிரியை தயங்கினார். இது சந்தோசமான காரியங்களுக்குச் சொல்வது. கலியாணம், விடுமுறை, பேரப்பிள்ளை. ஒப்பரேசனுக்கு வேறு சொல் தேடலாமே என்றார்.

“எட்டு மாசம், டீச்சர். வெரி ஹாப்பி” என்றார் அம்மா.

ஆசிரியை ஒரு கணம் யோசித்துவிட்டு, சரி என்று அடையாளம் போட்டார். புரை மூடிய கண்ணோடு எட்டு மாதமாகத் திகதிக்குக் காத்திருக்கும் வீட்டில், அந்தத் திகதியைப்போல இனிப்பான செய்தி வேறென்ன?

இத்தனைக்கும் ‘எதிர்பார்’ என்ற தமிழ்ச்சொல்லுக்கு இந்தப் பிகு கிடையாது. விருந்தாளியையும் எதிர்பார்க்கலாம், புயலையும் எதிர்பார்க்கலாம். ‘எதிர்’ என்பதோ பழைய சொல். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று காலத்தை மூன்றாகத் தொல்காப்பியமே பிரித்திருக்கிறது. எதிர்காலம் என்றால் எங்களுக்கு எதிரே நடந்து வந்துகொண்டிருக்கும் காலம். அதனால்தான் கிழமைகளுக்கும் கால் முளைத்திருக்கிறது: ‘வாற வெள்ளி’, ‘போன செவ்வாய்’. நாங்கள் படலையடியில் நிற்கிறோம், நாட்கள் வருகின்றன, போகின்றன. சிலவேளை நாங்களும் நடக்கிறோம். ‘நாளைக்குப் படிக்கப் போறன்’ என்பவன் எங்கேயும் போவதில்லை, கதிரையிலேயே இருக்கிறான். ஆங்கிலத்தின் ‘கோயிங் டு’வும் அப்படித்தான். சொந்தபந்தமே இல்லாத இரண்டு மொழிகள், வருங்காலத்தைச் சொல்ல ஒரே வினைச்சொல்லைப் பிடித்திருக்கின்றன.

வில்லங்கம் ‘முன்’னில் இருக்கிறது. முன்னோர், முன்பு, முன்னொரு காலம் எல்லாம் கழிந்துபோனவை. பின்னர், பின்னாளில், பிற்பாடு எல்லாம் இனி வருபவை. சொல்லின்படி பார்த்தால் கடந்தது கண்ணுக்கு முன்னே, வருவது முதுகுக்குப் பின்னே. தென் அமெரிக்க அண்டீஸ் மலையில் வாழும் அய்மாரா மக்கள் இதைக் கையாலேயே காட்டுகிறார்கள் என்று ரஃபாயேல் நூன்யெஸும் ஈவ் ஸ்வீட்சரும் 2006இல் எழுதினார்கள். அந்த மக்களின் மொழியில் ‘நய்ரா’ என்றால் கண், முன்பக்கம், இறந்தகாலம். வருங்காலத்தைப் பேசும்போது முதியவர்களின் கை தோளுக்குப் பின்னால் போகிறது. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ‘முன்னேற்றம்’ என்று எதிர்த்திசையிலும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஆங்கிலமும் இதில் யோக்கியமில்லை; ‘பிஃபோர்’ என்றால் முன்னே நிற்பதும்தான், முந்தி நடந்ததும்தான்.

இந்த வில்லங்கம் அடுத்த கிழமையே வீட்டுக்குள் வந்தது. ஒப்பரேசனுக்கு முன் கண்ணை அளந்து பார்க்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். பதிவுக்குரலில் ஒரு மாற்றம்: சந்திப்பு ஒரு நாள் ‘ஃபோர்வேர்ட்’ செய்யப்பட்டிருக்கிறது. அம்மா இரண்டு தரம் போட்டுக் கேட்டார். வகுப்பில் படித்த சொல்! ஃபோர்வேர்ட் என்றால் வருங்காலப் பக்கம். மகளுக்குச் சொல்லவில்லை. நாட்காட்டியில் வியாழனை வெட்டி வெள்ளியைச் சுழித்தார். வெள்ளி காலை, இரண்டு பஸ் மாறி, கணவரைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனார். வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்தார், பிறகு இவர்களைப் பார்த்தார். அவர்கள் வரவேண்டிய நாள் புதன்.

இதே கேள்வியை லெரா பொரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்காரும் ஆராய்ச்சியாகச் செய்து 2002இல் வெளியிட்டார்கள். புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் ‘ஃபோர்வேர்ட்’ ஆனால் அது என்றைக்கு என்று, ஆங்கிலமே பேசி வளர்ந்தவர்களிடம் கேட்டார்கள். சிலர் திங்கள் என்றார்கள், சிலர் வெள்ளி என்றார்கள். விமான நிலையத்திலும் கேட்டுப் பார்த்தார்கள். பறந்து வந்து இறங்கியவர்கள் வெள்ளியின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். யாரையோ கூட்டிப்போக வந்து காத்து நின்றவர்களிடம் அந்தச் சாய்வு குறைவு. பயணம் செய்தவருக்குத் தான் காலத்துக்குள் நடப்பதுபோல இருக்கும் போலும். நிற்பவருக்குக் காலம் தன்னை நோக்கி வருகிறது. கட்டுநாயக்கவில் ஏறி ரொறன்ரோவில் இறங்கிய அம்மா வெள்ளி என்றதில் என்ன ஆச்சரியம்! இந்திய ஆங்கிலத்தில் ‘போஸ்ட்போன்’ என்பதற்கு எதிராக ‘பிரிப்போன்’ என்றொரு சொல் புழங்குகிறது. கனடாக்காரர் கேட்டால் முழிப்பார்கள். ஆனால் அன்றைக்கு அந்தச் சொல் வந்திருந்தால் இரண்டு பஸ் மிச்சம்.

புதுத் திகதி கடிதத்தில் வந்தது. கணவர் அதை வாங்கி, தெரிகிற கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கடைசி வரியை எழுத்துக்கூட்டி வாசித்தார். உங்களைக் காண ஆவலோடு எதிர்பார்க்கிறோம் என்று அச்சடித்திருந்தது.

“என்னைப் பாக்க அவைக்கு இவ்வளவு ஆசையோ?”

“அது எல்லாருக்கும் சும்மா போடுறது. இஞ்சை தாங்கோ, திகதியைப் பாப்பம்” என்று அம்மா கடிதத்தை வாங்கிக்கொண்டு நாட்காட்டியடிக்குப் போனார். சிவப்புப் பேனையை எடுத்தவர், மூடியைத் திரும்பப் பூட்டிவிட்டு, மகளுக்கு டெலிபோன் அடித்தார்.