சிபாப் போட்டா பல் வலிக்குமா?

குறட்டைக்கு மெஷின் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. "டாக்டர், இந்தக் காத்து பல்லை ஆட்டிடுமா?"

தூக்கத்தில் சிலருக்கு தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் இறங்கும். மூளை உலுக்கி எழுப்பும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இதுதான் ஸ்லீப் ஆப்னியா. மணிக்கு 30 தடவை, அதுக்கு மேலும் நடந்தா தீவிர வகை. அழுத்தத்தோடு காற்றை விடாமல் அனுப்பி அந்தப் பாதையை மூடவிடாமல் வைப்பதுதான் சிபாப். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் குழு 1981ல் வெளியிட்ட முறை.

அழுத்தம்னதும் பயப்படுறாங்க. கணக்கு பார்ப்போம். மெஷின் கொடுப்பது 4 முதல் 20 செ.மீ. தண்ணீர் உயர அழுத்தம். 10 செ.மீ.ன்னு வச்சுக்கோங்க. திருச்சி மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டு அடிவாரத்துக்கு இறங்கினா, சுத்தி இருக்கிற காற்றழுத்தம் கிட்டத்தட்ட அவ்வளவுதான் கூடும். அதனால யாருக்கும் பல் ஆடினதில்லை.

ஆனா வலி பொய் இல்லை.

வெளியூர் பஸ் ஓட்டுற ஒருத்தர் வந்தார். முன்னாடி சிக்னல்ல நிக்கும்போதே கண் சொருகுமாம். கடன் வாங்கி மெஷின் வாங்கினார், ரெண்டு வாரத்துல பகல் தூக்கம் போச்சு. அப்புறம் மேல் முன்பல் வலி. மெஷினை மூட்டை கட்டி பரண்ல போட்டுட்டார். "ரெண்டு பல்லையும் புடுங்கிட்டா சரியாகிடும்ல சார்? எழுதிக் குடுங்க" என்றார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரம்மா, "குறட்டை திரும்ப வந்துடுச்சுங்க" என்றார்.

அவர் ஓட்டுற பஸ்ஸில் ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பாங்க. எனக்கு அதுதான் ஓடிச்சு. "அண்ணே, மெஷின் திரும்பப் போடுற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதீங்க" என்று சொல்லி லீவு போட வைத்தேன்.

பல்லைத் தட்டிப் பார்த்தேன். சொத்தை இல்லை, ஆட்டமும் இல்லை. காலையில எழும்போது வலி, பத்து மணிக்கு மேல காணோம். மறுநாள் மெஷினோட வரச்சொல்லி, கட்டில்ல படுக்க வச்சு மாட்டச் சொன்னேன். மனுஷனுக்கு நல்ல கம்பீரமான மீசை. மாஸ்க் அதுமேல உட்காருது, முடி வழியா காத்து புஸ்ஸுனு லீக் ஆகுது. லீக்கை நிறுத்த பட்டையை இழுத்து இறுக்குறார். மாஸ்க்கோட கீழ்விளிம்பு மேல் உதட்டை, உதடு பல்லையும் ஈறையும், ராத்திரி ஏழு மணி நேரம் அழுத்துது. வலிக்காம என்ன செய்யும்?

மீசையை எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, கேட்டிருக்கவும் மாட்டார். மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க் வாங்கச் சொன்னேன். அதுக்கும் சில ஆயிரம் ஆச்சு. ஒரு வாரத்தில் வலி போய், டியூட்டிக்குத் திரும்பிட்டார்.

மீசை இல்லாதவங்களுக்கும் கதை இதேதான், லீக்குக்கான காரணம்தான் வேற: சைஸ் பொருந்தாத மாஸ்க், தேய்ந்துபோன குஷன், முகத்து எண்ணெய், ராத்திரி பல்செட்டைக் கழற்றினதும் உள்ளே போகும் உதடு. அதனால கண்ணாடி முன்னாடி நின்னு மாஸ்க்கை அளவு பார்க்காதீங்க. படுத்து, மெஷினை ஓட விட்டு, அப்புறம் பட்டையை சரிசெய்யுங்க. பட்டைக்கடியில் ரெண்டு விரல் போகணும். வருஷக்கணக்கில் மாஸ்க் அழுத்திக்கிட்டே இருந்தா முன்பற்கள் லேசா உள்பக்கம் நகரலாம்னு ஆய்வுகளும் சொல்லுது.

வாய் திறந்து தூங்குறவங்களுக்கு இன்னொரு தொல்லை. காத்து வாய் வழியா ஓடி எச்சிலைக் காய வச்சிடும். பல்லுக்குக் காவலே எச்சில்தான். அது வத்தினா கூச்சம், நாளடைவில் சொத்தை. மெஷின்ல ஹ்யூமிடிஃபையர் இருந்தா டிஸ்டில்ட் வாட்டர் ஊத்திப் பயன்படுத்துங்க. மூக்கடைப்பு இருந்தா அதுக்கும் வைத்தியம் பாருங்க.

ஒரே ஒரு பல் தெறிக்குது, சூடா ஏதாவது குடிச்சா நேரமானாலும் வலி நிக்கலை, ஈறு வீங்கியிருக்கு என்றால் மாஸ்க்கைக் குறை சொல்லிட்டு உட்காராதீங்க, பல் டாக்டரிடம் போங்க. அந்த ராத்திரியும் மெஷினைப் போட்டுத்தான் தூங்கணும். முடியலைன்னா மறுநாளே உங்க டாக்டரிடம் சொல்லுங்க. பல் டாக்டரிடம் போகும்போது மாஸ்க்கையும் பையில எடுத்துட்டுப் போய், அவர் முன்னாடியே மாட்டிக் காட்டுங்க.